சிவப்புப் பென்சிலில் வரைந்த அறை

அறுபதைத் தொடப்போகிற நம் ஆட்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். சின்னவர்களிடம் ஆரம்பித்தால், உடனே போனை எடுத்து, "இதுவா ஆன்ட்டி, இது நாங்களும் ஆடுவோமே" என்று படத்தைக் காட்டிவிடுகிறார்கள். அதோடு என் வாய் அடைத்துப்போகும். நீங்கள் அப்படி இல்லை. கள்ளக்குறிச்சியில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பள்ளிக்கூடத்து ஓட்டுக்கூரை எத்தனை இடத்தில் ஒழுகும், காயாத பாவாடை என்ன வாடை அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நான் எட்டாவது படித்த வருஷம். அம்மாவின் தம்பி சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், வந்தால் வீடு முழுக்க சோப்பு வாசனை. அந்தத் தடவை எனக்கு ஒரு அட்டைப் பெட்டி கொண்டுவந்தார். ஏதோ ஒரு துறைமுகத்தில் யாரோ விட்டுப்போனதாம். "பரமபதம் மாதிரி ஏதோ ஒண்ணு. ஆடிக்கினு இரு" என்று கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

உள்ளே பலகை இல்லை, காய்கள் இல்லை. மெலிதான ஒரு இங்கிலீஷ் புத்தகம், கோபுரம் மாதிரி, வைரம் மாதிரி, பந்து மாதிரி ஆறு நீலப் பகடைகள், ஒரு துண்டு வெள்ளை மெழுகுக் கிரேயான். பகடைகளில் எண்கள் பள்ளமாக இருந்தன. கிரேயானைத் தேய்த்தால்தான் எண் தெரியும். அந்தப் பந்துப் பகடைக்கு இருபது முகம். உள்ளங்கையில் உருட்டினால் பாக்கு மாதிரி குளிர்ச்சியாக இருக்கும். அந்தக் குளிர்ச்சி இன்னும் என் கையில் இருக்கிறது, பகடைதான் இல்லை.

அகராதியை வைத்துக்கொண்டு புத்தகத்தைப் படிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. பாதிக்கு மேல் புரியவில்லை. புரிந்தது இவ்வளவுதான். ஒருத்தர் மட்டும் பூமிக்கடியில் இருக்கிற ஒரு பாதாளத்தைத் தாளில் வரைந்து வைத்துக்கொள்ள வேண்டும், யாரிடமும் காட்டக்கூடாது. மற்றவர்கள் அதற்குள் போவார்கள். "எதிரே கதவு இருக்கு" என்று நடத்துகிறவர் சொல்வார். "திறக்குறேன்" என்றோ "காது வச்சுக் கேக்குறேன்" என்றோ ஆடுகிறவர்கள் சொல்வார்கள். சந்தேகம் வந்தால் பகடை. ஜெயிப்பது, தோற்பது எதுவும் கிடையாது. உள்ளே போக வேண்டும், உயிரோடு வெளியே வர வேண்டும். நாங்கள் அதற்குப் பாதாள ஆட்டம் என்று பெயர் வைத்தோம். நடத்துகிறவள் நான்.

ஆடினது மூன்று பேர். போட்டோ ஸ்டுடியோக்காரர் மகன் வாள்வீரன். எந்தக் கதவைப் பார்த்தாலும் உதைப்பான். வார்டன் மகள் மந்திரக்காரி. அவளுடைய அம்மா அரசாங்கப் பெண்கள் விடுதிக்கு வார்டன். அம்மாவைப் போலவே இவளுக்கும் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம். மூன்றாவது ஆளை அவள்தான் விடுதியிலிருந்து கூட்டிவந்தாள். கல்வராயன் மலையிலிருந்து வந்து எங்கள் வகுப்பில் சேர்ந்த பெண். வெள்ளிமலைக்கு அப்பால், பஸ் நிற்கிற இடத்திலிருந்து இன்னும் ரெண்டு மணி நேரம் நடந்தால் அவள் ஊர். வகுப்பில் அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

"நீ இன்னா ஆளா வர்ற? வீரனா, மந்திரக்காரியா, திருடியா?" என்று கேட்டேன்.

அவள் திருப்பிக் கேட்டாள். "உள்ள இருட்டா இருக்குமா?"

"பாதாளம்னா இருட்டுதான்."

"அப்ப நான் வெளக்கு புடிக்கிறேன்."

புத்தகத்தில் அப்படி ஒரு வேஷம் இல்லை. நான் ஒத்துக்கொண்டேன்.

ஆடின இடம் ஸ்டுடியோவின் இருட்டறை. சனிக்கிழமை மத்தியானம் ஸ்டுடியோக்காரர் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிட்டுத் தூங்குவார். ரெண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை அந்த அறை எங்களுடையது. ஜன்னல் கிடையாது. படம் கழுவுகிற மருந்தின் புளித்த நெடி. ஓரத்தில் எனாமல் தட்டுகள், கொடியில் கிளிப் மாட்டிய ஈரப் படங்கள். அந்த வாரம் கல்யாணம் ஆனவர்கள் எங்கள் தலைக்கு மேல் சொட்டிக்கொண்டிருப்பார்கள். மேலே ஒரே ஒரு சிவப்பு பல்பு. வெள்ளை பல்பின் சுவிட்சைத் தொடக்கூடாது என்பது ஸ்டுடியோக்காரரின் கட்டளை, மூடி சரியாக மூடாத பெட்டியில் இருக்கும் போட்டோப் பேப்பரெல்லாம் வெளிச்சம் பட்டு வீணாகிவிடும் என்று.

அந்த வெளிச்சத்தில் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தேன். சிவப்புப் பென்சிலால் வரைந்த கோடு சிவப்பு பல்பின் கீழே தெரியாது. வெறும் தாளாகத்தான் இருக்கும். ஸ்டுடியோக்காரர் மகன் என் தோள்மேல் எட்டிப்பார்க்கிற ஆள். அதனால் சுவர்களையும் கதவுகளையும் சாதாரணப் பென்சிலில் வரைந்தேன், ரகசிய வழி, பொறி, புதையல் எல்லாவற்றையும் சிவப்பில். வீட்டிலேயே மனப்பாடம் செய்துகொண்டு வருவேன். அந்தத் தந்திரத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை.

முதல் சனிக்கிழமையே வாள்வீரன் ஒரு பூரான் கடித்துச் செத்தான். பகடையில் ரெண்டு விழுந்தது, நான் என்ன செய்ய? ஸ்டுடியோக்காரர் மகன் நிஜமாகவே அழுதான். மறு வாரம் அந்த வீரனின் தம்பி என்று சொல்லிக்கொண்டு அதே வாளோடு வந்தான்.

மலைப்பெண் ஆடின விதமே வேறு. சண்டை வந்தால் ஒதுங்கி நிற்பாள். ஆனால் கேள்வி கேட்பாள்.

"காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வருது?"

"செவுரு ஈரமா? ஈரம்னா வழியுதா, சொட்டுதா?"

"தரையில வௌவால் எச்சம் கீதா?"

என்னிடம் பதில் இருக்காது. அந்த நிமிஷத்தில் எதையாவது சொல்வேன். அவள் தலையை ஆட்டுவாள், சில சமயம் ஆட்டமாட்டாள். ஆட்டாவிட்டால் எனக்கே தப்பாகச் சொல்லிவிட்டதுபோல இருக்கும், மாற்றிச் சொல்வேன். அப்படி வாரத்துக்கு வாரம் என் பாதாளம் மாறிக்கொண்டே வந்தது. புத்தகத்தில் பார்த்த கற்தூண்களும் இரும்புக் கதவுகளும் போய், பாறை வெடிப்பும் ஓடைச் சத்தமும் வந்தன. மலையில் நாலு பலகைக்கல்லை நிறுத்தி மேலே ஒரு கல்லைப் போட்ட சின்னச் சின்ன அறைகள் இருப்பதாக அவள் சொன்னாள். குள்ளர் வூடு என்பார்களாம். அதையும் வரைந்து சேர்த்தேன்.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு இருந்தது. எந்தக் கதவுக்கு முன்னால் நின்றாலும், "உள்ள யாராச்சும் கீறீங்களான்னு கேக்குறேன்" என்பாள்.

"சும்மா இருடி. இருக்கிற பூதமெல்லாம் எழுந்து வரும்" என்று வார்டன் மகள் கத்துவாள். இவள் விடமாட்டாள். நான் குரலைத் தாழ்த்தி, "பதில் இல்லை" என்பேன். ஒவ்வொரு தடவையும் அவள் முகம் சின்னதாக வாடும். ஆட்டத்தில் மூழ்கிவிட்டாள் என்று எனக்குப் பெருமை.

காரணம் ஐந்தாவது வாரம்தான் தெரிந்தது. அவளைக் கூட்டிவர நானும் வார்டன் மகளும் விடுதிக்குப் போயிருந்தோம். வாசலில் அவள் வார்டனிடம் கைகட்டி நின்றுகொண்டிருந்தாள்.

"ரெண்டு நாளு லீவு குடுங்க. மலைக்குப் போயிட்டு வந்துடறேங்க."

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? உங்கப்பன் எஸ்டேட்டுக்குப் போயிட்டான். அங்க வேற குடும்பம் வச்சிக்கினு நல்லாதான் இருக்கான். உங்க சித்தப்பனே சொல்லிட்டான். நீ யாரைத் தேடுற?"

"தேன் எடுக்கத்தாங்க போனாரு."

"போன வருஷம் போனவன் இன்னுமா தேன் எடுக்கிறான்?"

வார்டன் கெட்டவர் இல்லை. காய்ச்சல் வந்த பெண்களுக்குத் தன் வீட்டிலிருந்து கஞ்சி கொடுத்தனுப்புவார். அன்றைக்கு எங்களைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார், பெரியவர்கள் ஒருவருக்கொருவர் சிரித்துக்கொள்கிற மாதிரி. நாங்களும் சிரித்துவைத்தோம். இதைச் சொல்ல இப்போது நாக்கு கூசுகிறது.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை விடாத மழை. சாயங்காலம் கரண்ட் போயிற்று. மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் பாதாளத்தின் கீழ்த்தளத்தை வரைந்தேன். நீளமான ஒரு வழி, முடிகிற இடத்தில் வெறும் சுவர். அந்தச் சுவரின் அடியில் தவழ்ந்து போகிற அளவுக்கு ஒரு பொந்து, அதைச் சிவப்பில் போட்டேன். பொந்துக்குப் பின்னால் பதினேழாவது அறை. அறை முழுக்கவே சிவப்பு. அதில் ஒரு ஆளை வரைந்தேன். சுவரில் சாய்ந்து, ஒரு காலை நீட்டி, ஒரு காலை மடக்கி உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு சின்னச் சதுரம். புதையல் பெட்டி, அதைக் காக்கிற எலும்புக்கூடு. அவ்வளவுதான் என் எண்ணம். தாளை மடித்துப் பாவாடைக்குள் செருகிக்கொண்டேன். மறுநாள் இருட்டறைக்குப் போகிறவரை அது என்னைவிட்டு நகரவில்லை.

மறுநாள் மூன்று மணி சுமாருக்குக் கீழ்த்தளத்து வழி முடிகிற இடத்துக்கு வந்தார்கள்.

"எதிரே சுவர்" என்றேன். "வழி இல்லை."

"திரும்பிடலாம்" என்றான் வாள்வீரன்.

"இருங்க" என்றாள் மலைப்பெண். "வெளக்கைத் தரையில வைக்கிறேன். கீழ காத்து வருது. தவழ்ந்து போவலாம்."

காற்றைப் பற்றி நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. என் முன்னால் இருந்த தாளில், அந்தச் சுவருக்கு அப்பால், அந்த வெளிச்சத்தில் எதுவும் தெரியாது. பகடையைப் போடச் சொல்ல வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

"போ" என்றேன்.

"யாராச்சும் கீறீங்களான்னு கேக்குறேன்."

மேலே கொடியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. வழக்கமான பதிலை நான் சொல்வதற்குள் அவளே மெதுவாகப் பேச ஆரம்பித்தாள், கண்ணால் பார்த்துச் சொல்கிற மாதிரி.

"செவுத்துல சாஞ்சி உக்காந்துக்கினு கீறாரு. ஒரு காலு நீட்டிக்கினு கீது. மடியில டின்னு. மூடி போட்டு கீது."

"நான் இங்கயே இருக்கேன்" என்றாள். "நீங்க போங்க. வெளக்கு இங்கயே இருக்கட்டும்."

ஸ்டுடியோக்காரர் மகன் எழுந்தான். பயந்துபோய், தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே வெள்ளை பல்பைப் போட்டுவிட்டான். கண் கூசி, தெளிந்து, எல்லோரும் குனிந்து பார்த்தபோது தாளில் சிவப்பாக அந்த ஆள் உட்கார்ந்திருந்தான். நீட்டிய கால், மடியில் சதுரம். அது வரை அங்கே ஒன்றுமே இல்லாததை அவர்கள் மூன்று பேரும் பார்த்திருந்தார்கள்.

வார்டன் மகள் வீறிட்டாள். ஸ்டுடியோக்காரர் லுங்கியை இறுக்கிக்கொண்டு ஓடிவந்தார். வீணாய்ப்போன பேப்பருக்காக மகனுக்கு முதுகில் அடி விழுந்தது. அந்தக் களேபரத்தில் என் வரைபடம் எங்கே போனதென்று நான் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் விடுதியில் அவள் இல்லை. வெள்ளிமலைக்குப் போகிற முதல் பஸ்ஸில் ஏறினதைப் பூக்காரம்மா பார்த்திருக்கிறார்.

வார்டன் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். மகள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள், நோட்டை வைத்துக்கொண்டே சொல்லியிருப்பாள். "இன்னாடி சொல்லிக்குடுத்த அவளுக்கு? செத்தவங்களைக் கூப்புடற ஆட்டமா ஆடினீங்க?" என்று என்னைக் கேட்டார். அம்மா பெட்டியைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தாள். புத்தகத்தைப் பிரித்ததும் வந்த முதல் படம் ஒரு எலும்புக்கூடு. அதற்கு மேல் யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. புத்தகம் வெந்நீர் அடுப்பில் எரிந்தது. பகடைகளை அப்பா கோமுகி ஆற்றில் போட்டுவிட்டு வந்தார். கப்பலில் இருந்த மாமாவுக்குத் திட்டி ஒரு கடிதம் போனது.

மழையில் மலைப்பாதை சரிந்து ரெண்டு நாள் பஸ் ஓடவில்லை. அந்த ரெண்டு நாளும் நான் சாப்பிடவில்லை என்று அம்மா பின்னால் சொன்னாள். எனக்குச் சாப்பாடு ஞாபகமில்லை. ஒரு பெண் மழையில் பாறைக்கடியில் தவழ்ந்துகொண்டிருப்பதும், அங்கே அவளை அனுப்பினவள் நான் என்பதும்தான் ஞாபகம். உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால்? நான் விளையாட்டுக்கு வரைந்த பொம்மையை நம்பி அவளும் திரும்பாமல் போய்விட்டால்?

புதன்கிழமை போலீஸ் ஜீப் ஒன்று ஸ்டுடியோ வாசலில் நின்றது. அந்தக் காலத்தில் பிணம் கிடைத்த இடத்தைப் படமெடுக்க ஊர் ஸ்டுடியோக்காரரைத்தான் கூட்டிப்போவார்கள். கேமராவையும் குடையையும் எடுத்துக்கொண்டு போனவர் மறுநாள் திரும்பி வந்தார். நேராக இருட்டறைக்குள் போனார். ஒத்தாசைக்கு மகனைக் கூப்பிட்டார். அவன் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துச் சைக்கிள் ஷெட்டில் வைத்து என்னிடம் சொன்னான். சொல்லும்போது அவன் உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டான், அது தன்னுடையதுதானா என்பதுபோல.

"பேப்பரைத் தட்டுல போட்டு ஆட்டிக்கினு இருந்தேன். மொதல்ல பாறை வந்துது. அப்புறம் வேட்டி. அப்புறம் காலு, நீட்டிக்கினு. மடியில டின்னு."

"மூடி?"

"போட்டு இருந்துது."

ஓடைக்கு மேலே ஒரு பாறை வெடிப்பு. தேன் எடுக்க உள்ளே இறங்கின அவள் அப்பாவுக்குக் கால் முறிந்திருக்கிறது. மேலேயிருந்து சரிந்த கல்லும் மண்ணும் வாயை மூடிவிட்டன. ஒரு வருஷத்து மழையும் வெயிலும் போய், அந்த வாரத்து மழைதான் அடியில் ஒரு ஆள் தவழ்கிற அளவுக்கு மண்ணைக் கரைத்துவிட்டிருந்தது. எஸ்டேட்டும் கிடையாது, வேறு குடும்பமும் கிடையாது.

வார்டன் கடைசிவரை அதைச் சூனியம் என்றே சொன்னார். பள்ளிக்கூடத்தில் மிச்சமிருந்த எங்கள் மூன்று பேரையும் தனித்தனி வரிசையில் உட்காரவைத்தார்கள். எங்கள் பெட்டியைக் கண்டு பயந்தவர்களில் ஒருத்தர்கூட, ஒரு மனுஷனை ஓடிப்போனவன் என்று சொல்லி ஒரு வருஷம் தேடாமல் விட்டதற்கு வருத்தப்பட்டு நான் கேட்கவில்லை. அன்று எனக்கும் அது உறைக்கவில்லை. நானும் பெட்டியைத்தான் நினைத்துப் பயந்தேன்.

இந்த வயதில் யோசித்தால் முக்கால்வாசி விளங்குகிறது. ஆறு வாரம் அவள் கேட்டது கேள்வியே இல்லை. காற்று வரும் பக்கம், ஈரம், வௌவால் எச்சம் என்று அவள் தன் மலையை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். என் கை, காது கேட்டதை வரைந்திருக்கிறது. பாதாளத்தை நான் நடத்தினதாக நினைத்துக்கொண்டிருந்தேன், நடத்தினவள் அவள். ஆனால் டின்னைப் பற்றி அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. நீட்டிய காலைப் பற்றியும் சொன்னதில்லை. அந்தக் கால்வாசியை நான் யாரிடமும் விளக்கிச் சொன்னதில்லை, விளங்காததால்தான்.

மார்கழியில் அவள் ஒரு நாள் வந்தாள். டி.சி. வாங்க, சித்தப்பாவோடு. பகல் பன்னிரண்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். வெள்ளிமலை பஸ் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. சித்தப்பா டீக்கடைப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அவள் மெலிந்திருந்தாள், தலையில் நிறைய எண்ணெய்.

"படம் என்கிட்டதான் இருந்துச்சு" என்றாள். "நான் வாயால சொன்னப்ப ஒரு வருசமா யாரும் கேக்கல. டவுன்லேர்ந்து வந்த பேப்பருன்னு அதைக் காட்டினேன். ஒடனே கடப்பாரை எடுத்துக்கினு வந்தாங்க."

"இப்ப எங்க கீது?"

"அப்பாகூட குழியில வச்சிட்டோம்."

எனக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்போல இருந்தது, எதற்கென்று தெரியவில்லை. விடுதி வாசலில் சிரித்ததற்காக இருக்கலாம். கேட்கவில்லை. கண்டக்டர் விசில் ஊதினார். சித்தப்பா கையைக் காட்டிக் கூப்பிட்டார். அவள் நகரவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அந்த ரூமுல இப்ப யாரு கீறாங்க?"

"யாரும் இல்ல. காலி."

"சும்மா சொல்லாத. நல்லா பாத்துச் சொல்லு."

பஸ் ஸ்டாண்ட் நடுவில் கண்ணை மூடிக்கொண்டேன். படி இறங்கி, வழி நெடுக நடந்து, வெறும் சுவருக்கு அடியில் குனிந்து, முழங்கால் மண்ணில் பட உள்ளே போனேன். அவசரப்படாமல் நாலு மூலையும் பார்த்தேன். சுவரில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. தரையில் யாரோ வெகுநேரம் உட்கார்ந்திருந்த தடம் மட்டும் இருந்தது.

"பாத்துட்டேன்" என்றேன். "யாரும் இல்ல."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு ஓடிப்போய் பஸ்ஸில் ஏறினாள்.